ஆடி மாதத்துக் காமாலை

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு புது வியாதி வந்திருக்கிறது. கைப்பேசியில் ஒரு குழு ஆரம்பித்து, "நாங்களெல்லாம் அரசாங்கப் பள்ளியில் தரையில் உட்கார்ந்து படித்தவர்கள்" என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதிக்கொள்வது. எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பேரப்பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு வந்து, காபியைக் குடித்தபடி எழுதுகிறவர்கள். போன வாரம் ஒரு நண்பர் என்னையும் சீண்டினார். "உங்கப்பாவே ஹெட்மாஸ்டர் ஆச்சே, நீயும் ரெண்டு வரி எழுதேன்" என்றார். எனக்குக் கை வரவில்லை. நானும் அந்த மாதிரிப் பள்ளியில் படித்தவன்தான். ஆனால் மொத்தமே ஓர் ஆனி, ஓர் ஆடி. அதிலும் நான் தரையில் உட்காரவில்லை. எனக்கு மட்டும் மணை போட்டிருந்தது. இதைப் போய் அந்தக் குழுவில் எப்படி எழுதுவது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடி மாற்றுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், ரோட்டை விட்டு இறங்கி ஏரிக்கரை மேலேயே போனால் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்தது. அப்பாதான் தலைமை ஆசிரியர். பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அவருக்குக் கீழே ஒரே ஒரு டீச்சர். ஐந்து வகுப்பும் ஒரே ஓட்டுக் கட்டடத்துக்குள். நடுவில் ஒரு கரும்பலகையை நிறுத்தி, இந்தப் பக்கம் சின்ன வகுப்பு, அந்தப் பக்கம் பெரிய வகுப்பு. இந்தப் பக்கம் 'அணில், ஆடு' சொன்னால் அந்தப் பக்கம் வாய்ப்பாடு தப்பிப்போகும். மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு, வேப்பங்கிளையில் கம்பி போட்டுத் தொங்கும். அதை அடிக்கிற இரும்புக் கம்பி அடிக்கடி காணாமல் போய்விடும், அப்போது கருங்கல்லால் அடிப்பார்கள். கொல்லையில் சத்துணவுக் கொட்டகை. பத்தரை மணிக்கெல்லாம் சாம்பார் வாசனை உள்ளே வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கணக்கும் எந்தத் தலையிலும் ஏறாது.

கட்டடம் இருந்தது, சோறு இருந்தது, பிள்ளைகள்தான் இல்லை. ஊர்த் தெருவில் கொஞ்சம் வசதி வந்ததும் எல்லாரும் பிள்ளைகளை உத்திரமேரூரில் புதிதாக ஆரம்பித்த இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு 'கான்வென்ட்' என்று பெயர். காலையில் நீல வேன் ஏரிக்கரையில் ஹாரன் அடித்தபடி வரும். காலனி ஒரே நீளத் தெரு. பாதி வீட்டு வாசலில் சிலுவை, பாதி வீட்டில் வேப்பிலை. எந்த வாசலாக இருந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்கு ஊர்க்காரர் நிலத்தில்தான் கூலி வேலை. அங்கே விவரம் தெரிந்தவர்கள் பிள்ளைகளை மிஷன் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். மூன்று வேளைச் சோறு, சீருடை, தலைக்கு எண்ணெய் என்று எல்லாம் கிடைத்தது. இரண்டு பக்கமும் போக முடியாமல் மீந்தவர்கள்தான் அப்பாவின் பள்ளிக்கு வந்தார்கள். நல்ல நாளிலேயே பத்துப் பன்னிரண்டு பேர். நடவு நாளில் அதுவும் கிடையாது, பெரிய பிள்ளைகள் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும்.

ஹெட்மாஸ்டர் பிள்ளையாகிய நான் எந்தப் பள்ளியில் படித்தேன் என்று கேட்கிறீர்களா? அந்த நீல வேனில், டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோர சீட்டு என்னுடையது.

அந்த வருஷம் கல்வி அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆடி கடைசியில் நேரில் வந்து தலை எண்ணுவேன், இருபது தலை இல்லாவிட்டால் ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவேன் என்று. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் கலங்கலைத் தாண்ட வேண்டும். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போகிற இடம் அது. ஐப்பசி, கார்த்திகையில் பெரியவர்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகோத்துத்தான் கடப்பார்கள். பள்ளியை மாற்றினால் காலனிப் பிள்ளைகளின் படிப்பு மழையோடு போயிற்று என்று அர்த்தம். அப்பாவுக்கு வேறு கவலையும் இருந்தது. பள்ளி போனால் எங்கேயோ தூரத்துக்கு மாற்றல். வீடு, மாடு, நிலம் எல்லாம் இங்கே. ஆனால் அந்தப் பள்ளியின் மேல் அவருக்கு உண்மையாகவே பிரியம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓடு உடைந்தால் அவரே ஏறி மாற்றுவார்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டு காலனிக்குப் போனார். குழாயடியில் நின்ற பெண்கள், "புள்ள புடிக்கிறவரு வந்துட்டாருடியோ, புள்ளைங்கள உள்ள இட்டுக்கினு போங்க" என்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தக் காலத்து வழக்கப்படி, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. தொட முடியாத பொடியன்களை அப்பா தலையைச் சாய்க்கச் சொல்லி, கையை மெல்ல இழுத்துக் காதுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். "ஆங், தொட்டுட்டான்!" எல்லாருக்கும் ஜூன் மாதத்தில் பிறந்த தேதி போட்டுக்கொடுத்தார். எங்கள் பக்கத்தில் பாதி ஜனம் ஒரே வாரத்தில் பிறந்தது இப்படித்தான்.

நடவுக்காரம்மா அப்போதுதான் வெளியே வந்தார். நாற்று நடவுக்கு ஆள் சேர்த்து, வரிசை பிடித்து நிறுத்தி, கூலி பேசுகிறவர் அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தத் தெருவில் இரண்டாவது வார்த்தை கிடையாது. அவருடைய மகள் மிஷன் ஹாஸ்டலில் நான்காவது முடித்துவிட்டு, லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள்.

"இன்னா சார், எங்க புள்ளைங்கள கேக்க வந்துகீறீங்க. பாரு மேல குந்திக்கினுகீதே உங்க புள்ள, அது எந்த ஸ்கூலு?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நீங்க சாப்புடாத சோத்த எங்களுக்கு எதுக்கு சார் பரிமார்றீங்க? உங்க புள்ளய அங்க குந்த வெய்யிங்க. எம் பொண்ண மட்டுமில்ல, தெருவுல கீற அத்தினி புள்ளைங்களையும் நானே இட்டாந்து வுடறேன்."

வீட்டில் அன்றைக்குப் பெரிய ரகளை. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கத்தினாள். "காலனிப் புள்ளைங்களோட குந்த வெக்கறதுக்கா எம் புள்ளைக்கு டை கட்டி அனுப்பினேன்? கான்வென்ட்ல சீட்டு போச்சினா திரும்பக் கெடைக்குமா?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "சீட்டு எங்கயும் போவாது. காமாலைன்னு சொல்லிடறேன். ஆடி வரைக்கும் லீவு. எண்ணிட்டுப் போனதும் திரும்ப வேன்ல ஏத்திடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். ஊரில் கேட்டால் இனிமேல் இந்தப் பள்ளிதான் என்று சொல்ல வேண்டும். டவுனில் யாராவது கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அந்தச் சேற்றுக் கால் நான்தான்.

முதல் நாள் டையில்லாத கழுத்து வெறிச்சென்று இருந்தது. அப்பா வீட்டிலிருந்து மணைப் பலகையைக் கொண்டுவந்து பெரிய வகுப்பில் முன்னால் போட்டு, "குந்து" என்றார். நான் மணையில், மற்றவர்கள் சாணி மெழுகிய தரையில். நடவுக்காரம்மாவின் மகள் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் என்னைவிட ஒரு வகுப்பு பெரியவள்.

"உனுக்கு ஏன் பலக?"

"அப்பா போட்டாரு."

"குந்தனா மரத்துப் போவாதா?"

மரத்துத்தான் போனது. ஆனால் இறங்கி உட்கார எனக்குத் தோன்றவில்லை. மத்தியானம் எல்லாரும் அலுமினியத் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவார்கள். நான் பீரோவுக்குப் பின்னால், அப்பாவோடு உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொடுத்த கேரியரைத் திறப்பேன். வெளியே தட்டுகளின் சத்தம், சிரிப்பு, "ஆயா, இன்னுங் கொஞ்சம் கொயம்பு" என்கிற கூச்சல். உள்ளே அப்பாவும் நானும் மெல்லுகிற சத்தம். இதெல்லாம் அப்போது எனக்குச் சாதாரணம். அப்பாவுக்கும் சாதாரணம்தான் போலிருக்கிறது. பிள்ளையை அங்கே உட்காரவைத்தேன் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடவுக்காரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஹாஸ்டல் திறந்த அன்று மகளை அனுப்பவில்லை. சிஸ்டரே ஆளனுப்பிக் கேட்டாராம். "இங்கயே வாத்தியாரு தம் புள்ளய சேத்துட்டாரு, அப்பறம் எனுக்கு இன்னா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த இடத்தில் வேறு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். அது மகளுக்குக் கொஞ்சம் வருத்தம். ஹாஸ்டலில் கற்றுக்கொண்ட பாட்டுகளைச் சத்துணவு வரிசையில் நின்று பாடுவாள். சிறிசுகளுக்கெல்லாம் சீப்பு வைத்துத் தலை சீவிவிடுவாள். சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால் தலையில் குட்டுவாள், கோவை இலையால்தான் துடைக்க வேண்டும். டீச்சர் வராத நாளில் சின்ன வகுப்பை அவளே மேய்த்தாள்.

வேன்காரர் ஒரு நாள் எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து, "பையனுக்கு எப்டிம்மா கீது? மிஸ் கேட்டாங்க" என்றார். "காமாலை இன்னும் எறங்கலப்பா" என்று அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள். மாட்டுக் கொட்டகை கூட்ட வந்த பெண்ணின் காதில் அது விழுந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் சேதி காலனிக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில் பிரார்த்தனை முடிந்ததும் நடவுக்காரம்மா பள்ளி வாசலில் நின்றார். கையில் ஒரு எவர்சில்வர் தம்ளர். நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது, மேலே ஒரு பூவரச இலை மூடியிருந்தது.

"இன்னா சார் நீங்க! புள்ளைக்கி காமாலைய வெச்சிக்கினு, எங்களுக்கோசரம் தெனம் இட்டாந்து குந்த வெச்சிக்கினுகீறீங்க. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? கீயாநெல்லி, ஆட்டுப்பால்ல அரச்சாந்துகீறேன். வெறும் வயித்துல ஊத்தணும். நாஷ்டா ஆயிடுச்சா கண்ணு?"

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். காமாலையே இல்லை என்றால், பிறகு வேன்காரரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்ற கேள்வி வரும். ஆமாம் என்றால் இதைக் குடிக்க வேண்டும். அதுவும் காலனி வீட்டுத் தம்ளரில். ஊர்த் தெருவில் அன்றைக்கு யாரும் செய்யாத காரியம் அது. அப்பா தொண்டையைச் செருமினார். "குடிடா" என்றார்.

குடித்தேன். அந்தக் கசப்பை என்னால் சொல்ல முடியாது, குடித்தவர்களுக்குத் தெரியும். கடைசிச் சொட்டு வரை நின்று பார்த்துவிட்டு, அந்தம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டார். "உப்பு, எண்ண, புளி எதுவும் ஆவாது சார். அம்மாவாண்ட சொல்லுங்க. நடுவுல நிறுத்தக் கூடாது. தெனம் நானே கொண்டாரேன்."

விஷயம் தெரிந்ததும் அம்மா என்னைக் கொல்லையில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். ஆடிக் காற்றில் பல் கிடுகிடுத்தது. "மருந்துக்கு இன்னாடி தீட்டு" என்று அப்பா முணுமுணுத்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் கீழாநெல்லி, மத்தியானம் உப்பில்லாத மோர்ச் சோறு. ஏமாற்றலாம் என்றால் முடியாது, மகள் பீரோவுக்குப் பின்னால் வந்து என் கேரியரை மோந்து பார்ப்பாள். ஒரு நாள் அம்மா மனசு கேட்காமல் அடியில் ஒரு மாவடு வைத்திருந்தாள். மகள் அதை எடுத்துக்கொண்டு போய், "பத்தியத்துல ஊறுகா துன்றான் சார் பையன்!" என்று பள்ளி முழுக்கச் சொல்லி, தானே சப்பிச் சாப்பிட்டாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எனக்கு வராத காமாலைக்கு ஊரே மஞ்சளாகத் தெரிந்தது.

அந்தத் தம்ளர் செய்த வேலையை அப்பா எதிர்பார்க்கவில்லை. நடவுக்காரம்மா வரப்பில் நின்று சொன்னாராம், "நம்ம கையால குடுத்தத தம் புள்ளய குடிக்க வுடறாருடி. ஒடம்பு முடியாத புள்ளய இட்டாந்து நம்ம புள்ளைங்களோட குந்த வெக்கறாரு. இந்த மாரி வாத்தியாரு எங்க கெடைப்பாரு?" அது வரைக்கும் தயங்கிக்கொண்டிருந்த வீடுகளும் அசைந்தன. ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போன இன்னும் இரண்டு மூன்று பிள்ளைகளைக்கூடத் திருப்பி அழைத்துக்கொண்டு வந்தார்கள். அப்பாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. முன்பெல்லாம் காலனிக்காரர்களை வயது வித்தியாசம் இல்லாமல் நீ, வா, போ என்பவர், அந்த ஆடியில் நடவுக்காரம்மாவை "வாங்க, உக்காருங்க" என்றார். அவர் உட்காரவில்லை, ஆனால் முகம் மலர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது.

நடுவில் ஒரு சனிக்கிழமை அப்பா என்னை உத்திரமேரூர் பஜாருக்குக் கூட்டிப்போனார். பாய் கடையில் ஆடித் தள்ளுபடி. கறுப்பு ஷூ ஒன்றை எனக்குப் போட்டு, கட்டைவிரல் நுனியை அமுக்கிப் பார்த்தார். "கான்வென்ட்டுக்கா சாப்? அப்ப ஒரு சைஸ் பெருசா எடுங்க, பையன் சட்டுனு வளந்துடுவான், அப்பறம் பேஜாரு" என்றார் பாய். அப்பா அவசரமாக, "ஆமாமா, மெல்ல பேசு பாய்" என்றார். ஷூ டப்பாவைப் பரணில் வைத்தார்கள். தினமும் வெறுங்காலோடு பள்ளிக்குப் போகும்போது, பரணில் இருக்கிற ஷூவை நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒன்பது வயசு.

அதிகாரி ஜீப்பில் வந்தார். எல்லாத் தலையிலும் எண்ணெய் வழிந்தது. மகள் சிறிசுகளை வரிசையில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, காதைப் பிடித்துத் திருப்பி, தயாராக வைத்திருந்தாள். அதிகாரி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். இருபது தாண்டியது. என் தலைக்கு வந்ததும் கை நின்றது. "இது யாரு, ஜாடை தெரியுதே?"

"என் பையன்தான் சார்."

"கான்வென்ட்டுக்கு அனுப்பலையா?"

"இங்கதான் சார் சேத்துகீறேன்."

அதிகாரி சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "பாத்துக்குங்க! வாத்தியார்னா இவர் வாத்தியார்! இவர் இருக்கற வரைக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தை யாரும் தொட முடியாது." பெண்கள் கை தட்டினார்கள். அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜீப் போனதும் நடவுக்காரம்மா உள்ளே வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் வைத்துச் சொடுக்கினார். பத்து விரலிலும் சொடுக்கு விழுந்தது. "எத்தினி கண்ணு பட்டுதோ" என்றார்.

அந்த வாரம் முடிந்து திங்கட்கிழமை காலையில் அம்மா எனக்கு டை கட்டினாள். புது ஷூ கடித்தது. நீல வேன் ஏரிக்கரையில் ஏறிக்கொண்டிருந்தபோது எதிரே நடவுக்காரம்மா வந்தார். கையில் இலை மூடிய தம்ளர். வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றவர், ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். வேன் நின்றது.

"இன்னாம்மா?" என்றார் வேன்காரர்.

"புள்ள எங்க போவுது?"

"எங்க போவும்? ஸ்கூலுக்குத்தான். காமாலை சரியாப்பூட்ச்சாம். லீவு முடிஞ்சி இன்னிக்கித்தான் வருது."

"லீவா?"

"ஆமா. ஆனியிலேர்ந்து லீவு. ஏன்?"

அந்தம்மா ஜன்னலுக்குள் கையை விட்டு என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். இரண்டு கண்ணையும் பார்த்தார். விரலில் பச்சை வாசனை வீசியது. "வெள்ளையா கீது" என்றார். பிறகு டையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "போய்ட்டு வா கண்ணு" என்று சொல்லிவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார். தம்ளரை என்னிடம் நீட்டவில்லை.

அன்று காலனியிலிருந்து ஒரு பிள்ளைகூடப் பள்ளிக்கு வரவில்லை. அப்பா தண்டவாளத்தை இரண்டு முறை அடித்துப் பார்த்தாராம். டீச்சரும் அவரும் சத்துணவுச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்களாம். சாயங்காலம் நான் வேனிலிருந்து இறங்கியதும், "டையக் கழட்டு, ஷூவக் கழட்டு, வா" என்று சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். எதற்காக என்னையும் கூட்டிப்போனார் என்று தெரியாது. பிள்ளை கூட இருந்தால் திட்டமாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம்.

நடவுக்காரம்மா கழனியிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தெரு முழுக்க ஆட்கள் நின்றார்கள். அப்பா சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"இன்னாம்மா, புள்ளைங்க ஒண்ணும் வரலையே?"

"வரல சார்."

"எதுனா கோவமா?"

அந்தம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சத்தம் போடுவார் என்று நான் பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் போடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். புள்ளையாண்ட கேக்கல, பாவம் அது. உங்களாண்டதான் கேக்கறேன். காமாலை வந்துச்சா, வரலையா?"

'வரலைம்மா, பள்ளிக்கூடம் போயிடுமேன்னு செஞ்சிட்டேன்' என்று அப்பா சொல்லியிருந்தால் போதும். அதைக் கேட்கத்தான் அந்தத் தெருவே நின்றது என்று இப்போது நினைக்கிறேன். திட்டியிருப்பார்கள், அப்புறம் விட்டிருப்பார்கள். என் முதுகில் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியது.

"வந்துச்சிம்மா" என்றார். "நீ குடுத்த மருந்துலதான் சரியாச்சி."

"எம் பொண்ணு சீட்டு போயிடுச்சி சார். சிஸ்டரு வேற புள்ளய சேத்துக்கினாங்க. உங்க புள்ள சீட்டு மட்டும் எப்டி சார் அங்கியே பத்திரமா இருந்துச்சி?"

"அடுத்த வருசம் நான் சொல்லி வாங்கித் தரேம்மா. நான் கீறேன் இல்ல?"

"சரி சார். நாளிக்கி புள்ளைங்கள அனுப்பறேன்."

"கோவமில்லையே?"

"கோவிச்சிக்கினு எங்க சார் அனுப்பறது? கலங்கல தாண்டி யாரு இட்டுக்கினு போவா?" மகள் பக்கம் திரும்பினார். "அம்மியக் கய்வி வெய்யி. நாளியிலேர்ந்து அரைக்க வாணாம்." மகள் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். பச்சைத் தண்ணீர் சைக்கிள் சக்கரம் வரைக்கும் ஓடி வந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கடுத்த வருஷமும் வந்தார்கள். பள்ளி மூடவில்லை. மகள் ஐந்தாவது முடித்தாள். ஆறாவதுக்கு ஹாஸ்டலில் இடம் கேட்டு அப்பா யாரிடமாவது பேசினாரா என்று எனக்குத் தெரியாது, வீட்டில் அந்தப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. அதற்கு அடுத்த நடவில், வேன் ஏரிக்கரையில் போகும்போது, சேற்றில் தன் அம்மாவுக்குப் பக்கத்து வரிசையில் அவள் குனிந்திருந்தாள். இரட்டைப் பின்னலைத் தூக்கிக் கொண்டையாகக் கட்டியிருந்தாள். நான் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். அப்பா ஓய்வு பெற்ற விழாவில் பேசியவர்கள் எல்லாரும் மறக்காமல் அதைச் சொன்னார்கள், தன் பிள்ளையையே கொண்டுவந்து சேர்த்துப் பள்ளியைக் காப்பாற்றியவர் என்று. அப்பா மாலையோடு உட்கார்ந்து தலையாட்டினார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு கூசியது. காலனியிலிருந்தும் வந்து கடைசியில் நின்றிருந்தார்கள், அவர்களும் கை தட்டினார்கள். இப்போது அங்கே மறுபடியும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். தெருத்தெருவாக வந்து கேட்கிறார்களாம் டீச்சர்கள்.

நண்பர்களே, அப்பா சொன்ன பொய்க்காக நான் அவரை என்றைக்கோ மன்னித்துவிட்டேன். பள்ளிக்காகச் சொன்னார், மாட்டுக்காகவும் நிலத்துக்காகவும் சொன்னார், யார்தான் சொல்லவில்லை? என்னால் தாங்க முடியாதது அன்று திரும்பி வருகிற வழியில் நடந்தது. காலனியைத் தாண்டி ஏரிக்கரை ஏறியதும் அப்பா பெரிதாக ஒரு மூச்சு விட்டார். சைக்கிளை மெதுவாக மிதித்தார். காற்று எதிரே அடித்தது. குனிந்து என் காதருகே வந்து, சந்தோஷமாகச் சொன்னார்.

"பாத்தியாடா? துளி கோவமில்ல. அவங்க மனசே மனசு."

என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பா அதை நம்பினார். சாகிற வரைக்கும் நம்பினார்.